பிரிண்டருக்கு ஒரு நிரந்தர அறை: டிஎச்சிபி-யில் நிலையான முகவரி ஒதுக்குவது

மாமாவின் ஜெராக்ஸ் கடையில் மழைக்காலம் வந்தால் இரண்டு விஷயம் நிச்சயம். கரண்ட் போகும். திரும்பி வந்ததும் பிரிண்டர் வேலை செய்யாது. பச்சை விளக்கு எரியும், தாள் இருக்கும், டோனர் இருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று அடம் பிடிக்கும். கடைக்கு எதிரே தாலுகா ஆபீஸ். மனு எழுதிக் கையில் வைத்திருப்பவர்கள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மாமா எனக்குப் போன் போடுவார்.

நானும் வெகுநாள் ஒரே வைத்தியம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "பிரிண்டரை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டு மறுபடி சேருங்க மாமா." அது பலிக்கும், அடுத்த மழை வரைக்கும். ஒருநாள் அவரே கேட்டார்: "ஸ்டேட்டிக் ஐபி வாங்கிட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றாரு. இன்டர்நெட் கம்பெனிக்கு மாசாமாசம் தனியா காசு கட்டணுமாம். வாங்கிடவா மாப்ளே?"

வாங்க வேண்டாம் என்றேன். ஆனால் ஏன் வேண்டாம் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. 'ஸ்டேட்டிக் ஐபி' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் புழங்குகின்றன. மாமாவுக்குத் தேவைப்பட்டது அதில் மூன்றாவது. அது ஏற்கெனவே அவருடைய ரவுட்டருக்குள் இலவசமாக இருந்தது.

## ஒரே பெயர், மூன்று பொருள்

முதலாவது, இன்டர்நெட் நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு தருவது. வெளியுலகம் உங்கள் கடையை அடையாளம் காணும் முகவரி அது. வெளியூரிலிருந்து கடைக் கேமராவை நேரடியாகப் பார்க்க வேண்டும், வீட்டிலேயே ஒரு சர்வர் நடத்த வேண்டும் என்பவர்களுக்கு அது உதவும். கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குள் இருக்கும் பிரிண்டரைத் தேடும் விவகாரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டாவது, பிரிண்டருக்கோ கம்ப்யூட்டருக்கோ உள்ளே போய், 'உன் முகவரி இதுதான்' என்று நாமே கையால் எழுதி வைப்பது.

மூன்றாவது, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் இடத்தில், அதாவது ரவுட்டரில், 'இந்தப் பிரிண்டர் வந்து கேட்டால் இந்த முகவரியையே கொடு' என்று குறித்து வைப்பது. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகவே நினைப்பவர்கள் நிறைய. பலன் ஒன்றுபோலத் தெரிவதால் வரும் குழப்பம் அது. வேறுபாடு எங்கே என்று புரிய, ஒரு லாட்ஜுக்குள் நுழைய வேண்டும்.

## லாட்ஜ் மேனேஜரும் பேரேடும்

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜ். வாசலில் மேசை, மேசைக்குப் பின்னால் மேனேஜர், அவர் முன்னால் நீளமான ஒரு பேரேடு. வருகிறவருக்கு எந்த அறை என்று அவருக்கே தெரியாது. மேனேஜர் பேரேட்டைப் பார்க்கிறார், காலியாக இருக்கும் ஒரு சாவியை எடுத்துக் கொடுக்கிறார், பெயரும் நேரமும் எழுதிக்கொள்கிறார். 24 மணி நேரம். மேலும் தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் போய்விட்டால் அறை அடுத்தவருக்கு.

உங்கள் வீட்டு நெட்வொர்க்கிலும் இதுதான் நடக்கிறது. அறை எண்தான் ஐபி முகவரி. 192.168.1.103 என்பதுபோல நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதுவது. தகவல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை இது சொல்கிறது. 192.168 என்று தொடங்குபவை உள்வீட்டு முகவரிகள். உங்கள் வீட்டிலும் 192.168.1.103 இருக்கும், பக்கத்து வீட்டிலும் இருக்கும், சண்டை வராது. எல்லா லாட்ஜிலும் 7-ஆம் நம்பர் அறை இருப்பதில்லையா, அப்படி.

மேனேஜர்தான் டிஎச்சிபி சர்வர். டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால் என்பதன் சுருக்கம் டிஎச்சிபி. நெட்வொர்க்குக்குள் வரும் கருவிகளுக்கு முகவரி பங்கிடும் விதிமுறை அது. சர்வர் என்றதும் குளிர்பதன அறையில் உறுமும் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம். வீட்டிலும் சிறு கடையிலும் ரவுட்டருக்குள் ஓடும் ஒரு சின்ன நிரல்தான் அது.

மேனேஜர் கையில் இருக்கும் சாவிக்கொத்து பூல். உதாரணமாக 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்றால் நூறு சாவிகள். முகவரியை வைத்திருக்கக் கிடைக்கும் தவணை லீஸ். குத்தகைதான், சொந்தமாக எழுதிக் கொடுப்பதில்லை.

சரி, மேனேஜர் ஆளை எப்படி அடையாளம் காண்கிறார்? முகத்தை வைத்து. கருவிகளுக்கு அந்த முகம் மேக் முகவரி. ஒவ்வொரு நெட்வொர்க் சில்லிலும் தயாரிப்பாளர் பதித்து அனுப்பும் 48 பிட் எண். இரண்டிரண்டு இலக்கமாக ஆறு ஜோடி: 00:11:22:33:44:55 என்கிற பாணியில் இருக்கும். பெரும்பாலும் நடுவில் ஆங்கில எழுத்துகளும் கலந்திருக்கும். முதல் மூன்று ஜோடி எந்தத் தயாரிப்பாளர் என்பதைச் சொல்லும்.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்ளலாம். ஐபி முகவரி அறை எண், மேக் முகவரி முகம், டிஎச்சிபி சர்வர் மேனேஜர், லீஸ் தங்கும் தவணை. அறை மாறலாம், முகம் மாறாது. (இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்திருங்கள். பின்னால் ஒரு வில்லங்கம் வருகிறது.)

## அந்த நான்கு வார்த்தைப் பேச்சு

லாட்ஜ் உவமை ஓர் இடத்தில் இடிக்கும். லாட்ஜில் மேனேஜர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிகிறது. நெட்வொர்க்கில் புதிதாக நுழையும் கருவிக்குக் கண் கட்டியிருக்கிறது. தனக்கு முகவரி இல்லை. மேனேஜரின் முகவரியும் தெரியாது. அப்புறம் எப்படிப் பேசுவது?

கூவுவதுதான் வழி. 'யாராவது இருக்கீங்களா, எனக்கு ஒரு முகவரி வேணும்!' நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும்படி போகும் செய்தி இது. அனுப்புநர் இடத்தில் 0.0.0.0, அதாவது 'இன்னும் முகவரி இல்லாதவன்'. பெறுநர் இடத்தில் 255.255.255.255, அதாவது 'எல்லோருக்கும்'. கூவலோடு தன் மேக் முகவரியையும் சொல்கிறது.

மற்றவர்கள் காதில் விழுந்தும் விழாததுபோல இருப்பார்கள். டிஎச்சிபி சர்வர் மட்டும் பதில் தரும்: '192.168.1.103 காலியா இருக்கு, வேணுமா?' கருவி மறுபடியும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லும்: 'சரி, அந்த 103-ஐயே எடுத்துக்கிறேன்.' சர்வர் முடித்து வைக்கும்: 'எழுதிக்கிட்டேன், 24 மணி நேரத்துக்கு உன்னுது.'

மூன்றாவது செய்தியை ஏன் ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும்? நெட்வொர்க்கில் இரண்டு சர்வர்கள் இருந்து இரண்டும் சாவி நீட்டியிருக்கலாம். எதை எடுத்துக்கொண்டோம் என்று சத்தமாகச் சொன்னால்தான் மற்றவர் நீட்டிய சாவியைத் திரும்ப மாட்டிக்கொள்வார். இந்த நான்கு செய்திகளுக்கும் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வஸ்ட், அக்னாலெஜ் என்று பெயர். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டோரா' என்று மனப்பாடம் செய்வார்கள். கடைக்கு அந்தப் பெயர் தேவையில்லை. யார் கேட்கிறார், யார் கொடுக்கிறார் என்பது போதும்.

முகவரியோடு இன்னும் சிலதும் அதே கையோடு வரும். வெளியே போகும் வாசல் எது, பெயரைச் சொன்னால் எண்ணைக் கண்டுபிடித்துத் தருபவர் யார், இந்த நெட்வொர்க் எவ்வளவு பெரியது என்பவை. இதை மறக்காதீர்கள், கையால் முகவரி எழுதும்போது இவை அத்தனையையும் நாம்தான் எழுத வேண்டிவரும்.

தவணை பாதியைத் தொட்டதும் கருவி தானாகவே போய், 'இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கவா?' என்று கேட்கும். 24 மணி நேரத் தவணை என்றால் 12-ஆவது மணியில். பதில் வராவிட்டால் விட்டு விட்டுக் கேட்கும். எட்டில் ஏழு பங்கு, அதாவது 21 மணி நேரம் தாண்டியும் பதில் இல்லையென்றால், எந்த மேனேஜராவது பரவாயில்லை என்று மறுபடி ஊருக்கே கூவும்.

## ஆறு மாதமாக மாறாத முகவரி நிரந்தரம் ஆகுமா?

'எங்க வீட்ல பிரிண்டருக்கு ஒன்னும் செட் பண்ணலையே, ஆறு மாசமா அதே நம்பர்தான்' என்பார்கள். உண்மைதான். அதற்குக் காரணங்கள் உண்டு. கருவி எப்போதும் அணைக்கப்படாமல் இருந்தால் பாதித் தவணையில் புதுப்பித்துக்கொண்டே போகும். அணைத்துப் போட்டாலும், பல கருவிகள் பழைய எண்ணை நினைவில் வைத்திருந்து, 'முன்னாடி இருந்த அந்த ரூம் கிடைக்குமா?' என்று கேட்கும். காலியாக இருந்தால் மேனேஜரும் மறுக்க மாட்டார். சிறு ரவுட்டர்களில் பரவலாக ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் இன்னும் ஒரு படி மேலே போய், மேக் முகவரியிலிருந்தே ஒரு கணக்குப் போட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால் அதே கருவிக்குப் பெரும்பாலும் அதே எண் வந்து விழும்.

பெரும்பாலும் என்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. கடையில் கரண்ட் போனபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

சிறு ரவுட்டர்கள் பலவற்றில் அந்தப் பேரேடு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் பேரேடு வெற்றுத் தாள். கரண்ட் வந்ததும் ரவுட்டர் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும். பிரிண்டர் சூடாகி, உருளையைச் சுற்றி, முனகி, தயாராக இன்னும் நேரமாகும். அந்த இடைவெளியில் கடைப்பையன் புதிதாக வாங்கிய போன் உள்ளே நுழைந்து முகவரி கேட்டது. மேனேஜரின் பேரேட்டில் ஒன்றும் எழுதியில்லை; 103-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிரிண்டர் வந்து 'என் 103?' என்றபோது அங்கே ஆள் இருந்தது. 105 கிடைத்தது.

கம்ப்யூட்டருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பிரிண்டரைச் சேர்த்த நாளில் 103 என்று எழுதி வைத்துக்கொண்டதுதான். அது மனுவை 103-க்கு அனுப்பியது. அங்கே இருந்த போனுக்கு அச்சடிக்கத் தெரியாது.

பிரிண்டரின் பட்டனை அழுத்தி அதன் அமைப்புத் தாளை அச்சிட்டு எடுத்தபோதுதான் இது எனக்கே விளங்கியது. தாளில் 105. கம்ப்யூட்டரில் 103. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இத்தனை நாள் பிரிண்டரைத் தூக்கித் தூக்கிச் சேர்க்கும்படி மாமாவிடம் சொன்னதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சுருக்கமாக: டிஎச்சிபி ஒரு எண்ணை வெகுகாலம் மாற்றாமல் வைத்திருக்கலாம். அது வழக்கம், வாக்குறுதி அல்ல. பிறர் தேடி வரும் கருவிக்கு, அதாவது பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், கோப்புகளைப் பொதுவில் வைக்கும் பெட்டி போன்றவற்றுக்கு, வாக்குறுதி தேவை. தானே வெளியே போய் வரும் போனுக்கும் லேப்டாப்பிற்கும் எந்த எண்ணாக இருந்தால் என்ன?

## பேரேட்டின் முதல் பக்கம்

மாதாமாதம் அதே லாட்ஜுக்கு வரும் ஒரு மெடிக்கல் ரெப் இருக்கிறார் என்று வையுங்கள். அவரைப் பார்க்க வரும் கடைக்காரர்கள் எல்லோருக்கும் '7-ஆம் நம்பர் அறை' என்று பழகிவிட்டது. மேனேஜர் என்ன செய்வார்? பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பார்: 'மருந்துக் கம்பெனிக்காரர் வந்தால் 7. வேறு யாருக்கும் 7 கொடுக்க வேண்டாம்.'

இதற்குப் பெயர் ரிசர்வேஷன். மேக் முகவரிக்கு நேராக ஓர் ஐபி முகவரியை எழுதி வைப்பது. கவனிக்க வேண்டிய நுட்பம் இதுதான்: ரெப்பின் பக்கத்தில் எதுவுமே மாறவில்லை. அவர் வழக்கம்போல வருகிறார், 'ரூம் வேணும்' என்கிறார், மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டு 7-ஆம் சாவியை நீட்டுகிறார். தனக்கு நிரந்தர அறை இருக்கிறது என்பதே ரெப்புக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரிண்டரும் அப்படித்தான், அது கூவுகிறது, கேட்கிறது, பெறுகிறது, பாதித் தவணையில் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வருகிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் இதை 'பிரிண்டருக்கு ஸ்டேட்டிக் ஐபி வைத்தேன்' என்று சொல்வதில் எனக்கு ஒரு நெருடல். பிரிண்டரில் நாம் ஒன்றும் வைக்கவில்லை. வைத்தது பேரேட்டில்.

இரண்டாவது முறை, அதாவது கருவிக்குள் கையால் எழுதுவது, இந்த லாட்ஜில் எப்படி இருக்கும் தெரியுமா? ரெப் மேசைப் பக்கமே வராமல், பின்கதவு வழியாக நேரே 7-ஆம் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வதுபோல. மேனேஜரின் பேரேட்டில் 7 காலி. அவர் பாவம், அடுத்து வந்த குடும்பத்துக்கு 7-ஆம் சாவியைக் கொடுத்தனுப்புகிறார். கதவைத் திறந்தால் உள்ளே ஓர் ஆள். ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் உட்கார்ந்தால், தகவல் சில நேரம் இவருக்கும் சில நேரம் அவருக்கும் போகும். பிரிண்டர் காலையில் வேலை செய்யும், மதியம் செய்யாது. மந்திரவாதியைக் கூப்பிடலாமா என்று தோன்றும். கொடுப்பதற்கு முன் கதவைத் தட்டிப் பார்க்கும் சர்வர்கள் உண்டு. ஆனால் அந்த நேரம் பிரிண்டர் அணைந்திருந்தால் யார் கதவைத் திறப்பது?

இன்னொரு சங்கடம். நாளைக்கு ரவுட்டரை மாற்றுகிறீர்கள், புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் முகவரி தருகிறது. கையால் 192.168.1.50 என்று எழுதிய பிரிண்டர் இப்போது இல்லாத தெருவில் குடியிருக்கிறது. அதன் சின்னத் திரையில் அம்புக்குறிப் பட்டன்களை ஐம்பது முறை அமுக்கித்தான் அதை மீட்க வேண்டும். ரிசர்வேஷன் என்றால் பிரிண்டர் தானாகவே புது வரிசைக்கு வந்துவிடும். பேரேட்டில் ஒரு வரி எழுதினால் முடிந்தது.

ஆக, கையால் எழுதவே கூடாதா? ஒருவருக்கு அது அவசியம்: மேனேஜருக்கு. டிஎச்சிபி சர்வர் தன்னிடமே முகவரி கேட்டு வரிசையில் நிற்க முடியாது. அதனால் ரவுட்டருக்கு மட்டும் 192.168.1.1 என்பதுபோல ஒரு முகவரி கையால்தான் எழுதப்பட்டிருக்கும். தயாரிப்பாளரே எழுதி அனுப்பிவிடுவார்.

ஒரு வேடிக்கை: நிலையான ஒதுக்கீடுதான் மூத்தது, மாறும் முகவரி பின்னால் வந்தது. 1985-இல் வந்த பூட்பி என்ற முந்தைய விதிமுறையில், எந்த மேக்குக்கு எந்த முகவரி என்ற பட்டியலை நிர்வாகி கையால் எழுதி வைப்பதுதான் வழக்கம். இருக்கிற முகவரிகளைத் தவணை முறையில் சுழற்றிக் கொடுக்கும் யோசனையைச் சேர்த்து 1993-இல் டிஎச்சிபி வந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கும் அதன் வரையறை 1997-இல் வெளியானது. ரிசர்வேஷனை அது ஒரு முறையாகவே குறிப்பிடுகிறது. பூட்பியின் அந்தப் பட்டியல்தான் இன்று உங்கள் ரவுட்டரின் ஒரு மூலையில் 'ரிசர்வேஷன்' என்ற பெயரில் இருக்கிறது.

## கடையில் செய்தது

முதலில் பிரிண்டரின் முகம் தெரிய வேண்டும். அமைப்புத் தாளிலேயே மேக் முகவரி அச்சாகியிருந்தது. அது இல்லாவிட்டால் கருவியின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். அல்லது ரவுட்டரில் 'இணைந்திருக்கும் கருவிகள்' பட்டியலில் பார்க்கலாம். நான் பட்டியலையே நம்புவேன், ஏனென்றால் பிரிண்டர் இப்போது எந்த முகத்தோடு வந்திருக்கிறது என்பதை அதுதான் காட்டும். வைஃபை வழியாக வந்தால் ஒரு மேக், கேபிள் வழியாக வந்தால் வேறு மேக். ஒரே பெட்டிக்கு இரண்டு முகம். கேபிளின் மேக்கை எழுதி வைத்துவிட்டு வைஃபையில் இணைத்தால் மேனேஜருக்கு ஆளைத் தெரியாது.

அடுத்து ஓர் எண். இங்கே ஒரு கேள்வி வரும்: பூலுக்கு உள்ளே இருக்கும் எண்ணா, வெளியே இருக்கும் எண்ணா? இதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லோரும் உறுதியாகச் சொல்வார்கள். உண்மையில் அது சர்வரைப் பொறுத்தது. டிஎன்எஸ்மாஸ்க்கில் உள்ளேயும் வைக்கலாம், வெளியேயும் வைக்கலாம். ஒதுக்கிய எண்ணை அது பிறருக்குக் கொடுக்காது. லினக்ஸ் சர்வர்களில் நெடுங்காலம் ஓடிய, ஐஎஸ்சி என்ற அமைப்பு எழுதிய டிஎச்சிபி நிரலில் வெளியேதான் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் அதே எண்ணை வேறொருவருக்கும் அது தாராளமாகக் கொடுத்துவிடும். வீட்டு ரவுட்டர்களில் சில, பூலுக்கு வெளியே இருக்கும் எண்ணை ஏற்கவே ஏற்காது.

என் வழக்கம் இது: பூலை 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிடுவேன். 2 முதல் 99 வரை நிரந்தரவாசிகளுக்கு. ரவுட்டர் 'வெளியே கூடாது' என்று முரண்டு பிடித்தால் உள்ளேயே ஓர் எண், அதற்காகச் சண்டை போடுவதில்லை. மாமாவின் ரவுட்டர் முரண்டு பிடிக்கவில்லை. பிரிண்டருக்கு 192.168.1.50, கேமரா ரெக்கார்டருக்கு 192.168.1.60.

பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கம். உலாவியில் 192.168.1.1 என்று அடித்து, கடவுச்சொல் கொடுத்து, டிஎச்சிபி பகுதிக்குப் போக வேண்டும். அங்கே 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ 'ஸ்டேட்டிக் லீஸ்' என்றோ ஒரு இடம் இருக்கும். பெயர் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். 'பைண்டிங்' என்ற சொல் தென்பட்டால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். சில ரவுட்டர்களில் அது இதேதான். சிலவற்றில் அது முகவரிக்கும் முகத்துக்கும் முடிச்சுப் போட்டு, பொருந்தாதவரைத் தடுக்கும் வேறு வசதி.

அங்கே நிரப்ப வேண்டியவை இரண்டே கட்டம்: மேக், ஐபி. சேமித்தாயிற்று. லினக்ஸ் சர்வரில் செய்கிறவர்களுக்கும் விஷயம் இதுவேதான், கட்டத்துக்குப் பதில் ஒரு கோப்பு: கருவிக்கு ஒரு பெயர், அதன் மேக், அதற்குரிய முகவரி என ஒரு சிறு தொகுதி. எழுதியபின் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஒரு அரைப்புள்ளியை மறந்தால் சேவை எழுந்திருக்காது, அலுவலகத்தில் ஒருவருக்கும் முகவரி கிடைக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பழைய ஐஎஸ்சி நிரலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; 2022-இறுதியோடு அதன் பராமரிப்பை ஐஎஸ்சி நிறுத்திவிட்டது. கியா என்பது அவர்களே தரும் மாற்று.

சேமித்துவிட்டு மாமாவும் நானும் பிரிண்டரைப் பார்த்தோம். இன்னும் 105-தான். "என்ன மாப்ளே, மாறலையே?" மாறாது. பிரிண்டர் கையில் பழைய தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. அது மறுபடி மேசைக்கு வரும்போதுதான் மேனேஜர் முதல் பக்கத்தைப் பார்ப்பார். பாதித் தவணை வரை காத்திருக்கலாம்; பொறுமை இல்லாவிட்டால் பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். எங்களுக்குப் பொறுமை இல்லை. அணைத்துப் போட்டு, மறுபடி அமைப்புத் தாள் எடுத்தோம். 192.168.1.50. கம்ப்யூட்டரில் கடைசியாக ஒருமுறை பிரிண்டரைத் தூக்கி, 50 என்று சேர்த்தோம்.

அப்புறம் மாமாவே மெயின் சுவிட்சை அணைத்தார், போட்டார். அவருக்கு எதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

## வழுக்கும் இடங்கள்

முன்னே சொன்ன வில்லங்கம் இதுதான்: முகம் மாறாது என்பது இப்போது முழு உண்மை இல்லை. கடை கடையாகப் போகும் போனை மேக் முகவரியை வைத்துப் பின்தொடர முடியும் என்பதால், 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் வைஃபையில் போலி மேக்கைக் காட்டுவதை இயல்பாக்கின. மாறுவேடம்தான். பொதுவாக ஒரு வைஃபைக்கு ஒரு வேடம் என்று இருக்கும். ஆனால் அது மாறிவிட்டால் ரிசர்வேஷன் வீண். ஒரு போனுக்கோ டேப்லட்டுக்கோ நிரந்தர முகவரி தேவையென்றால், அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் வேடத்தைக் கலைக்கச் சொல்லும் தேர்வு அதன் வைஃபை அமைப்பில் இருக்கிறது. வேடத்தைக் கண்டுபிடிப்பதும் எளிது: மேக்கின் இரண்டாவது இலக்கம் 2, 6 அல்லது ஆங்கில ஏ, ஈ என்று இருந்தால் அது தயாரிப்பாளர் பதித்த எண் அல்ல, பிற்பாடு உண்டாக்கியது.

இரண்டு மேனேஜர்கள் இருக்கும் லாட்ஜும் உண்டு. சிக்னல் எட்டவில்லை என்று அலமாரியில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்துக் கேபிளில் மாட்டுவார்கள். அதற்குள்ளும் ஒரு டிஎச்சிபி சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். அதனிடம் உங்கள் முதல் பக்கம் இல்லை. பிரிண்டர் கூவும்போது யார் முந்திக்கொள்கிறாரோ அவர் சாவிதான். ரிசர்வேஷன் எல்லாம் சரியாக இருந்தும் எண் மாறிக்கொண்டே இருந்தால் நான் முதலில் தேடுவது இந்த இரண்டாவது பெட்டியைத்தான். அதில் டிஎச்சிபியை அணைத்துவிட்டால் போதும்.

கருவியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், எந்த மேனேஜரும் பதில் தரவில்லை என்று பொருள். கூவிப் பார்த்து அலுத்துப்போய், தானே ஓர் எண் வைத்துக்கொண்டு திண்ணையில் படுத்திருக்கிறது. ரிசர்வேஷனைத் திருத்திக்கொண்டிராமல் கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

ரிசர்வேஷன் ஒரு பூட்டு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 'மேக் போட்டு வச்சிருக்கோம், வேற யாரும் உள்ள வர முடியாது' என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பேரேட்டில் பெயர் இல்லாதவர் வந்தால் மேனேஜர் விரட்ட மாட்டார், பொதுச் சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கொடுப்பார். பின்கதவும் திறந்தேதான் இருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லின் வேலையை ரிசர்வேஷன் செய்யாது. நிரந்தர முகவரி கொடுத்தால் நெட் வேகமாகும் என்பதும் அப்படித்தான். அறை எண் 7 என்பதால் யாருக்கும் தூக்கம் வேகமாக வருவதில்லை.

## ரவுட்டர் போனால் பேரேடும் போகும்

கடைசியாக ஒன்று. கரண்ட் போனால் அழிவது தற்காலிகப் பேரேடு. நாம் எழுதிய முதல் பக்கம் ரவுட்டரின் நிலையான நினைவகத்தில் இருப்பதால் தப்பிவிடும். ஆனால் ரவுட்டரே போய்விட்டால்? இன்டர்நெட் கம்பெனிக்காரர் பழுது பார்க்க வந்து புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் பழையதைக் கையோடு எடுத்துப் போவது சாதாரணமாக நடக்கிறது. ஊசி முனையால் ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அதே கதிதான். பல ரவுட்டர்களில் அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் வேறு நிறுவனத்தின் பெட்டி அந்தக் கோப்பைப் படிக்காது.

அதனால் மாமாவின் கடையில் அதை ஒரு தாளில் எழுதி, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். பிரிண்டர், அதன் மேக், 50. கேமரா, அதன் மேக், 60. கீழே மாமா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'புது ரவுட்டர் மாட்டுறவர் இதைப் பார்த்துட்டுப் போகவும்.'